மழைக்கு முன் கூரை, கடனுக்கு முன் கணக்கு



சென்ற மாதம் இப்பக்கத்தில் வீட்டுத் தோட்டம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். "தோட்டம் இருக்கட்டும் அக்கா. அவர் போய் ஏழு மாதம். கூரை ஒழுகுது. கையில் கொஞ்சக் காசு இருக்கு. எதைச் செய்யிறது, எதை விடுறது எண்டு தெரியேல்லை. அதைப் பற்றி எழுதுங்கோ" என்று கேட்டிருந்தார்.

"அவர் போய்" என்றால் இறந்தாரா, காணாமற் போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று அவர் எழுதவில்லை. எப்படிப் போயிருந்தாலும் மாரிமழை ஒரே விதமாகத்தான் பெய்யும். ஆகவே இந்த மாதம் வீடு திருத்துவது பற்றியும், அதற்கான காசைக் கையாள்வது பற்றியும் கதைப்போம்.

என் அனுபவத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் கணவரை இழந்தேன். 2010இல் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். அப்போது மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6 வயது. வீட்டின் சுவர்கள் நின்றன. ஓடு இல்லை, மரம் இல்லை, கதவும் நிலையும் இல்லை. மூன்று மாரியைத் தறப்பாளின் கீழ் கழித்தோம். 2013இல் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் திருத்த வேலைக்கான 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாக என் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன்.

அந்த நாட்களில் நான் பிடித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான். தனித்து நிற்கத் தொடங்கிய முதல் வருடங்களில் வீட்டை அழகாக்கக் காசு செலவழிப்பதில்லை, பாதுகாப்பாக்கத்தான் செலவழிப்பது. எவ்வளவு செலவு என்பதைக் கையில் உள்ள காசு தீர்மானிக்கட்டும். ஊரார் கண்ணும் கடன் கொடுப்பவரும் தீர்மானிக்க வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கடதாசிகள்

சுவரில் ஒரு கல் வைக்க முன்னர், அந்தக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கணவரின் தாய் தகப்பன் பெயரிலோ சகோதரர் பெயரிலோ உள்ள காணியில் உங்கள் கடைசிச் சதத்தையும் போட்டுவிட்டு, பின்னர் எழும்பச் சொன்னால் சுவரைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. அப்படியான காணியென்றால், உரியவரோடு கதைத்து எழுத்தில் ஒரு ஒழுங்கு செய்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

அரசாங்கம் கொடுத்த பெர்மிற் காணியென்றால், கணவர் இறந்தபின் அதைத் தொடர்ந்து அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அதற்குக் கால எல்லை இருப்பதால், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு மரணச் சான்றிதழோடு விரைவாகப் போங்கள். பிள்ளைகளில் மூத்த ஆணுக்கே முதலிடம் என்றிருந்த பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. "பெம்பிளைப் பிள்ளைக்குக் காணி எழுத ஏலாது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சீதனக் காணி உங்கள் பெயரிலேயே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தேசவழமைச் சட்டம் பொருந்துகின்ற திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது காணாமற் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறவேண்டும். வழக்குப் பேசக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

காணாமற் போனவர்களின் மனைவிமாருக்கு ஒரு சொல். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதென்றால், 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, காணாமற் போனமைக்கான சான்றிதழைக் கேட்கலாம். கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்காமலே அரச உதவிகளைக் கேட்பதற்கும், சொத்து அலுவல்களைக் கவனிப்பதற்கும் அது பயன்படும்.

கணவர் சம்பளத்துக்கு வேலை செய்தவரென்றால், அவருடைய ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய காசு. சேமலாப நிதி பற்றித் தொழில் திணைக்களத்திலும், நம்பிக்கை நிதி பற்றி ஊழியர் நம்பிக்கை நிதியச் சபையிலும் விசாரியுங்கள். 2023 முதல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் அஸ்வெசும வந்திருக்கிறது. குடும்ப நிலை மாறிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். எங்கு போவது என்று தெரியாவிட்டால், அங்குள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

வங்கிப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். எனக்கு வீட்டுக் காசு வந்தபோது கணவரின் தமையனார் உண்மையான அக்கறையோடுதான் வந்தார். "நீ பெம்பிளைப் பிள்ளை, உனக்கேன் இந்தக் கரைச்சல்? புத்தகத்தைத் தா, நான் பாக்கிறன்" என்றார். "அத்தான், நீங்கள் சாமான் வாங்கேக்கை கூட வாங்கோ. புத்தகம் என்னட்டையே இருக்கட்டும்" என்றேன். முதலில் முகம் சுருங்கியது. ஆனால் மரம் பார்க்க அவர்தான் என்னோடு வந்தார். உறவும் முறியவில்லை, புத்தகமும் கை மாறவில்லை.

ஒரு கொப்பியும் மூன்று பக்கமும்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது சாப்பாடு. இரண்டாவது பிள்ளைகளின் படிப்பும் மருந்தும். மூன்றாவது வீடு. காசு வந்த அன்றே மூன்றுக்கும் எழுதிப் பிரித்து வையுங்கள். வீட்டுப் பக்கத்தின் காசை வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கையில் இருக்கும் காசு தன்பாட்டில் போய்விடும்.

எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. தையல், பால், இடியப்பம், வெங்காயம் கிண்டப் போகும் கூலி என்று வருகிறது. ஒரு மாதம் முப்பதினாயிரம், அடுத்த மாதம் பன்னிரண்டாயிரம். இப்படியானவர்கள் கூடிய மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது. கடந்த ஆறு மாதத்தில் எது மிகக் குறைந்ததோ, அதை வைத்துத்தான் வீட்டுச் செலவைக் கணக்கிட வேண்டும். மேலதிகமாக வரும் காசில் பாதியை வீட்டுப் பக்கத்தில் போடுங்கள். மற்றப் பாதியை மழைக்காலத்துக்கு வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை கூலி வேலை குறையும், காய்ச்சல் தடிமன் கூடும்.

மூன்று மாதச் சாப்பாட்டுக்கான காசு மிஞ்சாத அளவுக்கு எந்த வீட்டு வேலையையும் தொடங்காதீர்கள். 2021இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை, 2022இல் மூவாயிரத்தைத் தொட்டதை நாங்கள் கண்டோம். பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் எத்தனை! விலை எப்போது ஏறும் என்று நம் கையில் இல்லை. எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டமும் தனியே முடியக்கூடியதாக இருக்கவேண்டும்.

எதை முதலில் திருத்துவது?

கூரை முதல். வடக்கு கிழக்கில் பெருமழை ஐப்பசியில் தொடங்குகிறது. ஆவணிக்குள் கூரை வேலை முடியவேண்டும். புரட்டாசியில் எல்லோரும் மேசனையும் தச்சனையும் தேடுவார்கள், கூலியும் ஏறும். மரம் நல்லதாக இருந்து ஓடு மட்டும் உடைந்திருந்தால் முழுக் கூரையையும் பிரிக்கவேண்டியதில்லை. ஓடு மாற்றி, முகட்டோட்டுக்குச் சாந்து வைத்தாலே பல வீடுகளில் ஒழுக்கு நின்றுவிடும். கைமரத்தையும் சலாகையையும் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறையான் தின்றுவிட்டது. அதை மாற்றாமல் மேலே புது ஓடு போடுவது வீண். பனைமரம் வாங்குவதென்றால் வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமாகப் பாருங்கள். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டுத் தரும் மரக்காலையில் வாங்குவது நல்லது.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்து கிடந்தால் பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள். அதன் தூசு நெஞ்சுக்குக் கெடுதி. தண்ணீர் தெளித்து நனைத்தபின், முகத்தைக் கட்டிக்கொண்டு அகற்றுங்கள். உலர்ந்த நிலையில் வெட்டவோ கூட்டவோ வேண்டாம். இடிபாடுகளுக்குள் அறியாத இரும்புப் பொருள் ஏதும் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். எங்கள் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை.

இரண்டாவது கதவு. ஆண் துணையில்லாத வீடு என்று ஊருக்குத் தெரிந்த பின்னர், கதவும் நாதாங்கியும் கூரைக்குச் சமம். முன் கதவு, பின் கதவு இரண்டுக்கும் உள்ளிருந்து போடக்கூடிய தடித்த கொழுக்கியோ குறுக்குச் சட்டமோ வேண்டும். யன்னலுக்குக் கம்பி போடக் காசில்லையென்றால், இப்போதைக்குப் பலகை அடித்து மூடுங்கள். நாங்கள் படுக்கும் அறை ஒன்றையாவது நன்றாகப் பூட்டக்கூடியதாக ஆக்கவேண்டும்.

மூன்றாவது மலசலகூடமும் வெளிச்சமும். இரவில் பெண்பிள்ளை வளவின் கோடிக்குத் தனியே போகவேண்டியிருந்தால், வீட்டுக்குள் சீமெந்து நிலம் போட்டு என்ன பயன்? மலசலகூடத்துக்குக் கதவும், அங்கு போகும் வழிக்கு ஒரு மின்குமிழும் முதலில் வரட்டும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் நிலம், பூச்சு, நிறம், போட்டிக்கோ எல்லாம். என் காசில் பாதிக்கு மேல் கூரைக்கே போனது. அடுத்து இரண்டு கதவும் நிலைகளும், பின்னர் மலசலகூடம். மிச்சத்தில் ஒரு அறைக்கும் குசினிக்கும் மட்டும் நிலம் போட்டேன். சுவர் பூசியது 2016இல். வெள்ளை அடித்தது 2019இல். இடையில் வந்தவர்கள் எல்லோரும், "என்ன, வீடு இன்னும் அரைகுறையாக் கிடக்குது?" என்று கேட்டார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்விக்கு வட்டி இல்லை.

சாமானும் வேலையாட்களும்

எவ்வளவு சாமான் தேவை என்று எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு அங்குல நீளமும் எட்டு அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல் என்றால், பத்தடி நீளம் பத்தடி உயரமான சுவருக்கு ஏறத்தாழ 113 கல் போகும். உடைவுக்கும் சேர்த்து 120 போதும். ஒருவர் 170 கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மணலைக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் மணலுக்கு மேல் சேறு தடிப்பாகப் படிந்தால் அந்த மணல் வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம். உப்பினால் கம்பி கறள் பிடிக்கும், பூச்சு பொரிந்து விழும். சீமெந்துப் பையை நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். கட்டி பிடித்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பூசிய சுவரையும் போட்ட நிலத்தையும் குறைந்தது ஏழு நாள் காலையும் மாலையும் நனையுங்கள். இதற்குக் கூலி ஆள் தேவையில்லை. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் வாளியும் கையுமாகச் செய்யக்கூடிய வேலை இது.

வேலையை நாட்கூலிக்கும் விடலாம், கொந்துராத்துக்கும் விடலாம். சின்னத் திருத்தத்துக்கு நாட்கூலி நல்லது. முழுக் கூரை போன்ற வேலைக்குக் கொந்துராத்து நல்லது, ஆனால் சாமானை நீங்களே வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கூலி அறுபதினாயிரம் என்றால் நான்காகப் பிரியுங்கள். மரம் ஏறியபின் ஒன்று, ஓடு போட்டபின் ஒன்று, கதவு நிலை வைத்தபின் ஒன்று. கடைசிப் பங்கு, கூரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்த்தபின். நல்ல வேலைகாரர் இதற்குக் கோபிக்கமாட்டார். முழுக் கூலியையும் முற்பணமாகக் கேட்பவரிடம் "வேறை ஆளைப் பாக்கிறன் அண்ணை" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

தனித்திருக்கும் பெண் வீட்டில் ஆண்கள் வேலை செய்தால் ஊர் கதைக்கும். அதற்குப் பயந்து வேலையை விடவேண்டாம். வேலை நடக்கும் நாட்களில் அயலில் ஒரு அம்மாவைத் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள். கூலியைப் பின்னேரம் எல்லோர் முன்னிலையிலும் முற்றத்தில் வைத்துக் கொடுங்கள். வெயில் சாயமுன் வேலையாட்கள் போய்விடவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடன் வாசலில் வந்து நிற்கும்போது

எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரிக்குப் புது வீட்டுக்கான 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. திட்டத்தின்படி வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. "நாளைக்கு மகளுக்குச் சீதனமாக் குடுக்கிற வீடு, சின்னதாக் கட்டினா ஆர் வருவினம்?" என்று உறவினர் சொன்னார்கள். அத்திவாரம் பெருத்தது. சுவர் லின்ரல் மட்டத்துக்கு வந்தபோது காசு முடிந்தது. நகைகள் அடைவுக்குப் போயின. பின்னர் கிழமைக் கடன் வந்தது. ஒன்றைக் கட்ட இன்னொன்று. அவர் அறிவில்லாதவர் அல்ல. மகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கட்டினார். ஆனால் அந்த மகள் பணம் சேர்க்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் "அம்மா வீட்டிலை இல்லை" என்று சொல்லப் பழகினாள். அது எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கிழமைக் கடனின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐம்பதினாயிரம் எடுக்கிறீர்கள். கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை. மொத்தம் 65,000. "வருடத்துக்கு முப்பது வீதம்தான்" என்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள். ஐம்பதினாயிரம் முழுதாக ஒரு வருடம் உங்கள் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. ஆகவே உண்மையான வட்டி ஐம்பது வீதத்துக்கும் மேல். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்தால் இன்னும் கூடும். இத்தகைய நுண்கடன்களில் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டுதான் 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அப்படியொரு நிவாரணத்தை நம்பிக் கடன் எடுக்கமுடியாது.

கடன் எடுத்தே ஆகவேண்டிய நேரமும் வரும். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? வருமானம் மிகக் குறைந்த மாதத்திலும் கட்ட ஏலுமா? யார் யாருக்குப் பிணை நிற்கிறோம்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், அரச வங்கி ஆகியவற்றை முதலில் கேட்டுப் பாருங்கள். நகையை அடைவு வைப்பதென்றால் வங்கியில் வைத்து, மீட்கும் திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். எந்தக் காசில் மீட்பது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், நான்கை அடைவு வைத்து நான்கையும் ஏலத்தில் இழப்பதைவிட, ஒன்றை விற்றுக் கூரை போடுவது மேல். கூரைக்கும் கதவுக்கும் கடன் எடுப்பதில் நியாயம் உண்டு. பூச்சுக்கும் போட்டிக்கோவுக்கும் கடன் வேண்டாம்.

பிள்ளைகளின் பங்கு

கூரை வேலை நடந்தபோது என் மகனுக்கு 14 வயது. கை உதவிக்கு நின்றான். மேசன் அண்ணை அவனது கெட்டித்தனத்தைப் பார்த்து, "தங்கச்சி, பெடியனை என்னோடை விடுங்கோ. நாளுக்கு நாள் காசு குடுக்கிறன், வீடும் கெதியா முடியும்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். மகனும் ஆசைப்பட்டான். அன்றிரவு கொப்பியை அவன் முன் விரித்தேன். "உன்ரை கூலி வந்தா நிலம் இந்த வருசமே போடலாம். வராட்டி இரண்டு வருசம் செல்லும். நாங்கள் இரண்டு வருசம் மண் நிலத்திலை படுப்பம். நீ பள்ளிக்கூடம் போ" என்றேன். கணக்கைக் கண்ணால் கண்டதால் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. 2015இல் சாதாரண தரப் பரீட்சை எழுதி, பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இன்று வீடுகளுக்கு மின்சார வேலை செய்கிறான்.

பிள்ளைகளிடம் காசுக் கஷ்டத்தை மறைக்கவேண்டாம். அவர்கள் தலையில் சுமத்தவும் வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொப்பியைக் காட்டலாம். இந்த மாதம் சப்பாத்து, அடுத்த மாதம் யன்னல் என்று சேர்ந்து தீர்மானிக்கலாம். சாமத்தியச் சடங்கு, ஆட்டைத் திவசம் என்று உறவினர் செலவுக்கு நெருக்கும்போது, "வீட்டுக் கணக்கிலை இவ்வளவுதான் இருக்கு" என்று நீங்கள் சொல்ல, பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். இந்தக் கிழமை காணிக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். அடுத்த கிழமை ஒரு ஏணியை வைத்து, தெரிந்த ஒருவரைக் கூரையில் ஏற்றி, எத்தனை ஓடு, எத்தனை மரம் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு இரண்டு கடையில் விலை கேளுங்கள். மூன்று மாதச் சாப்பாட்டுக் காசை ஒதுக்கியபின் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். முழுக் கூரைக்குப் போதாவிட்டால், நீங்களும் பிள்ளைகளும் படுக்கும் அறையின் மேல்பக்கத்தை மட்டும் இந்த மாரிக்குத் திருத்துங்கள். மற்றது வருகிற வருடம் ஆகட்டும்.

அடுத்த மாதம், கிணற்றைத் துப்புரவாக்குவது பற்றியும் மாரிகாலத்தில் குடிதண்ணீரைக் காப்பது பற்றியும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் திருத்தக் கணக்குகளையும் எனக்கு எழுதுங்கள். ஒருவர் போட்ட கணக்கு இன்னொருவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் அக்கா